சார்பும் தன்மையும்

மனிதன் தனியே பிறக்கின்றான். ஆயினும் தனியே வளர்வதில்லை. அவன் பேசும் மொழி தாயிடமிருந்து வந்தது. உண்ணும் முறையும் உடுக்கும் முறையும் வீட்டாரைப் பார்த்துப் பழகியவை. இது நன்று, இது தீது என்று அவன் கொள்ளும் துணிவும் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டதே ஆகும். இவ்வாறு எண்ணிக்கொண்டே செல்வானாயின், 'என்னுடையது' என்று ஒருவன் சொல்லிக்கொள்ளத்தக்கது யாது என்னும் ஐயம் எழும். இளமைப் பருவத்தில் இவ்வையம் மிகுதியாகத் தோன்றுவது இயல்பு. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் ஆசிரியரைப் போல எழுதப் பழகுகின்றான். தன் தோழனைப் போல நடக்கின்றான். பின்னர் ஒருநாள், தான் எவரைப் போலவும் இருத்தல் ஆகாது என்று சினங்கொண்டு அவை அனைத்தையும் உதறி எறிய முற்படுகின்றான். முன்னே செய்ததும் பின்னே செய்ததும் ஆகிய இரண்டுமே பிறரை நோக்கிச் செய்தவை என்பதை அவன் அப்போது அறியான்.

நம் முன்னோர் இப்பொருளை நன்கு எண்ணியிருக்கின்றனர். திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் 45-ஆம் அதிகாரமும் 'சிற்றினஞ்சேராமை' என்னும் 46-ஆம் அதிகாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கொள்ளத்தக்க சார்பு ஒன்று, தள்ளத்தக்க சார்பு ஒன்று எனக் கூறினாரேயன்றிச் சார்பே இன்றி வாழ்க என்று வள்ளுவர் யாண்டும் கூறவில்லை. இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். வழிநூல் என்பது முன்னோர் நூலின் வழியே செல்வது. ஆயினும் பின்வந்த ஆசிரியன் தான் வேண்டிய வேறுபாட்டை அதன்கண் செய்துகொள்ளுதல் மரபு. அவ்வேறுபாடு இல்லையேல் அது நூலாகாது, வெறும் படியாகும். மக்களுள் முதல்நூல் என்று எவரையும் சொல்லுதல் அரிது. எல்லாரும் வழிநூல்களே. வேறுபாடு எங்கே, எவ்வாறு பிறக்கின்றது என்பதே ஆராயத்தக்கது. ஓர் ஊரையும் அவ்வூரோடு தொடர்புடையராய் வாழ்ந்த மூவரையும் கொண்டு அதனைக் காணலாம்.

அவ்வூர் கோட்டாறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. பழமை மிக்க வணிகத் தலம் அது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி என்னும் நூலாசிரியர் தம் நிலநூலில் இதனைக் குறித்துள்ளார். முதற் குலோத்துங்க சோழனின் படை இவ்வூரைக் கைப்பற்றிய செய்தியைக் கல்வெட்டுக்கள் கூறும். பாண்டி நாட்டுப் பண்டமும் மலைநாட்டுப் பண்டமும் கைமாறும் இடமாகலின், மொழிகளும் வழக்கங்களும் இங்கே கலந்து பழகின. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் தமிழகத்தோடு இணையும்வரை நாஞ்சில் நாடு மலையாள நாட்டு ஆட்சியின்கீழ் இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், உயர்ந்த கல்விக்கு ஆங்கிலம் என மும்மொழியும் ஒரு சிறுவனின் செவியில் ஒருங்கே விழுந்த காலம் அது. பிறர் சார்பு எவ்வளவு வலிமையுடையது என்பதை ஆராய விரும்புவோர்க்கு இதனினும் தக்க ஊர் கிடைப்பது அரிது.

கோட்டாற்றை அடுத்துள்ளது இடலாக்குடி. அங்கே 1874-ஆம் ஆண்டில் இசுலாமியக் குடும்பம் ஒன்றில் செய்குத்தம்பி பிறந்தார். பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழைக் கற்பித்தவர் கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியார் என்னும் புலவர். ஆசிரியர் ஒரு சமயத்தினர். மாணாக்கர் வேறொரு சமயத்தினர். இருவரிடையே நின்றது தமிழ் ஒன்றே. ஆசிரியரிடம் பெற்ற கல்வியைக் கொண்டு செய்குத்தம்பி என்ன செய்தார் என்பது கருதத்தக்கது. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்திற்கு உரை கண்டார். அது தம் சமயத்திற்கு ஆற்றிய தொண்டு. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா அன்றா என்னும் வழக்குத் தமிழ்நாட்டில் மூண்டபோது, அவை அருட்பாவே என நிலைநாட்ட முன்வந்தோருள் ஒருவராக நின்றார்; அது நடுநிலைக்கு ஆற்றிய தொண்டு. 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் பத்தாம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே மனத்திற் கொண்டு விடையிறுக்கும் சதாவதானம் நிகழ்த்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். ஒருபால் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். ஒருபால் கணக்கு வினவுவார். ஒருபால் மணி ஒலிக்கும். அவதானி ஒன்றையும் மறவாது முடிவில் அனைத்தையும் எடுத்துரைத்தல் வேண்டும். அண்ணாவியாரிடம் தமிழ் கற்றவர் பலர் இருந்திருப்பர், சதாவதானியானவர் ஒருவரே. ஆசிரியர் கொடுத்தது தமிழ். அத்தமிழை அவைக்களத்தில் வாளாகச் சுழற்றிய ஆற்றல் மாணாக்கருடையது.

பாவலர்க்கு இரண்டாண்டு இளையவர் ஒருவர், கோட்டாற்றுக்கு அண்மையிலுள்ள தேரூரில் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். அவரே பின்னாளில் கவிமணி எனப் போற்றப்பெற்ற தேசிகவிநாயகம் பிள்ளை. அவரும் பள்ளியில் மலையாளம் கற்றார். அவர்க்கும் தமிழ் பள்ளிக்கு வெளியிலிருந்தே வந்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்பார் அவருக்குத் தமிழ் நூல்களைப் பயிற்றினார். அந்நாட்டின் ஆட்சியும் அந்நாட்டின் வெயிலும் மழையும் இருவர்க்கும் பொது. வாழ்ந்த காலமும் பொது. எனினும் ஒருவர் அவைக்களம் அஞ்சாத அவதானியானார்; மற்றவர் குரலெடுத்துப் பேசாத மென்மையாளராய், குழந்தைகளும் பாடத்தக்க எளிய செய்யுள்களை இயற்றினார். சூழலே மனிதனை முற்றும் படைக்கின்றது என்பார் இவ்விருவரையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பாராக.

கவிமணியிடம் திரும்புமுன், இவ்வட்டாரத்தில் அடுத்த தலைமுறையில் தோன்றிய ஒருவரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். பூதப்பாண்டியில் 1907-ஆம் ஆண்டில் பிறந்து கோட்டாற்றுப் பள்ளியில் பயின்றவர் ப. ஜீவானந்தம். வீட்டார் இளமையில் அவருக்கு இட்ட பெயர் சொரிமுத்து என்பது. மறைமலையடிகள் தோற்றுவித்த தனித்தமிழ் இயக்கத்தில் இளைஞர் ஜீவானந்தத்திற்கு அளவிறந்த ஈடுபாடு உண்டாயிற்று. அடிகள் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றியமைத்தது போலவே, ஜீவானந்தமும் தம் பெயரை 'உயிரின்பன்' என மாற்றிக்கொண்டார். ஒருவர்மீது கொண்ட மதிப்பு, தம் பெயரையே மாற்றும் அளவிற்குச் சென்றது. ஆனால் அப்பெயர் நீடிக்கவில்லை. காந்தியம், தன்மதிப்பு இயக்கம், பொதுவுடைமை என அவர் வாழ்வு பல துறைகளைக் கடந்து சென்றது; நாடு அவரை ஜீவா என்றே அறிந்தது. உயிரின்பன் என்னும் பெயர் போயிற்று; தமிழின்மீது கொண்ட பற்றுப் போகவில்லை. 1952-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான பின்னர், தமிழே ஆட்சிமொழியாதல் வேண்டும் என்று அவர் அவ்வவையில் வாதாடினார். 1959-இல் 'தாமரை' என்னும் இலக்கிய இதழைத் தொடங்கினார். ஆசிரியரைப் போலத் தோன்றுதல் வேறு; ஆசிரியரிடமிருந்து ஒன்றைப் பெறுதல் வேறு. முன்னையது ஆடை போன்றது. சில நாளில் கழன்றுவிடும். இளமையில் பலரும் முன்னையதிலேயே தொடங்குகின்றனர். அதற்காக அவர்களை எள்ளுதல் தகாது.

இனி, கவிமணி. கோட்டாற்றுப் பள்ளியில் ஆசிரியராயிருந்தும், பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றியும் 36 ஆண்டுகள் ஆசிரியத் தொழிலிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. ஓய்வு பெற்றபின் துணைவியார் உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் தங்கினார். அவர் நூல்களை எண்ணிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். 'மலரும் மாலையும்' என்னும் தொகுதியில் ஆங்கிலக் கவிஞர்களின் பாடல்களைத் தழுவியவை பல உள்ளன. 1941-இல் வந்த 'ஆசிய ஜோதி', எட்வின் அர்னால்டு 1879-இல் ஆங்கிலத்தில் எழுதிய காப்பியத்தைத் தழுவியது. 1945-இல் வந்த 'உமர்கய்யாம் பாடல்கள்', பாரசீகக் கவிஞரின் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கிய பிட்சுசெரால்டின் நூல் வழியே வந்தது. தம் பெயரை நிலைபெறச் செய்த நூல்களுள் இரண்டு பிறர் நூல்களின் வழிவந்தவை. அங்ஙனமாயின் கவிமணியின் தனித்தன்மை எங்கே உள்ளது?

தொல்காப்பியர் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்து மொழிபெயர்த்தலையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். மொழிபெயர்ப்புக் கீழான தொழில் என்னும் எண்ணம் பின்னே வந்தது. தமிழ் மரபில் அஃது இல்லை. கம்பரும் வான்மீகியின் வழியே வந்தவர் அல்லரோ? அர்னால்டின் காப்பியம் எட்டுப் பகுதிகளாக அமைந்தது. எதுகை இல்லாத நீண்ட அடிகளால் ஆயது. ஆங்கில அவையோர்க்குரிய பெருமித நடை கொண்டது. பிம்பிசார மன்னனின் வேள்விக்கு ஓட்டிச் செல்லப்படும் மந்தையில் கால் நொண்டி நடக்கமாட்டாத ஆட்டுக்குட்டியைப் புத்தர் தோளில் எடுத்துச் செல்லும் பகுதி அதில் ஒன்று. கவிமணி அந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அர்னால்டின் பெருமித நடையை அங்கேயே விட்டுவிட்டார். நாஞ்சில் நாட்டு வயல் வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் வழங்கும் எளிய சொற்களால், செவிக்குப் பழகிய சந்தத்தில், அதனைப் பாடினார். சொல்லத்தக்கதை விரித்தார், வேண்டாததைச் சுருக்கினார். வடநாட்டு அரசகுமாரரின் வரலாறு ஆங்கிலர் ஒருவர் கைக்குச் சென்று, அங்கிருந்து தேரூர்ப் புலவர் ஒருவர் கைக்கு வந்தது. அத்தனை கைகளைக் கடந்து வந்தும், தமிழ்ச் சிறுவன் ஒருவன் படிக்கும்போது அது தன் ஊரிலேயே பிறந்த பாட்டைப் போலத் தோன்றுகின்றது. எதனை எடுப்பது என்னும் தேர்வும், எடுத்ததை எக்குரலில் சொல்வது என்னும் துணிவும் கவிமணிக்கே உரியவை. அவற்றை அர்னால்டும் கொடுக்கவில்லை, தம்பிரானும் கொடுக்கவில்லை.

ஆசிரியரும் நூலும் நண்பரும் செய்யும் சார்பை ஒருவன் அறிவான். தான் யாரிடம் கற்றான் என்று கேட்டால் பெயர் சொல்லுவான். ஆனால் பெயர் சொல்ல முடியாத சார்பு ஒன்று உண்டு. அதுவே ஊர் வழக்கம். காற்றை உட்கொள்பவன் அதனைக் காணாதவாறு போல, வழக்கத்துள் வாழ்பவன் வழக்கத்தைக் காண்பதில்லை. பெரியோர் செய்தனர், யாவரும் செய்கின்றனர், ஆதலின் இது சரி என்று அமைகின்றான். கற்றறிந்தவரும் இதற்கு விலக்கல்லர். கற்ற கல்வியைக் கொண்டு வழக்கத்திற்குக் காரணம் கற்பிப்போரே மிகுதி. இவ்விடத்திலேதான் கவிமணியின் தன்மை முழுதும் வெளிப்பட்டது.

நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு பகுதியாரிடம் மருமக்கள்வழி என்னும் உரிமை முறை வழங்கிவந்தது. இம்முறைப்படி ஒருவனது குடும்பச் சொத்து அவன் மக்களுக்குச் செல்லாது; உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களுக்கே செல்லும். குடும்பத்தின் மூத்த ஆடவன் காரணவன் எனப்படுவான். ஆட்சி முழுதும் அவன் கையில். தந்தை உயிரோடு இருக்கும்வரை அவ்வீட்டில் உண்டு வளர்ந்த மக்கள், அவன் கண்மூடியபின் வெளியேற நேரும். மனைவியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கணவன் வீட்டில் வாழ்நாள் முழுதும் உழைத்தும், அவ்வீடு அவளுடையதன்று. அவள் பெற்ற பிள்ளைகளுடையதும் அன்று. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பாசம் ஒருபால் இழுக்க, மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே சொத்து ஒருபால் இழுக்கும். வழக்கு மன்றங்களில் குடும்பங்கள் பல அழிந்தன. இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டும், முறை என்ற ஒரு சொல்லால் ஊரார் வாய் அடங்கியிருந்தது.

கவிமணி இதனைப் பாட்டாக்கினார். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்பது அதன் பெயர். 1917, 1918-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' என்னும் இதழில் தொடர்ந்து வெளிவந்தது. மான்மியம் என்பது கோயிலின் பெருமையும் தீர்த்தத்தின் பெருமையும் கூறும் நூல்களுக்கு வழங்கும் பெயர். அப்பெயரை இவ்வழக்கத்திற்கு இட்டதிலேயே நகை தொடங்கிவிடுகின்றது. உட்பிரிவுகளுக்கும் காப்பியப் படலங்களின் பெயர்களையே சூட்டினார். 'குலமுறை கிளத்து படலம்' என்பது கம்பராமாயணத்தில், விசுவாமித்திரர் சனகனுக்கு இராமனின் குலப்பெருமையை எடுத்துரைக்கும் பகுதி. இங்கோ அப்பெயரின்கீழ் நாஞ்சில் நாட்டுக் குடும்பம் ஒன்றின் குலமுறை வருகின்றது. அடுத்து 'மாமியரசியற் படலம்' வருகின்றது. மாமியார் செலுத்தும் செங்கோல் எத்தகையது என்பதை அதிற் காணலாம். மன்றத்தில் வழக்காடிக் குடும்பம் அழிந்த கதைக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று பெயர். தம்பிரானிடமும் பழைய நூல்களிடமும் கற்ற காப்பிய மரபே இங்குக் கருவியாயிற்று. கல்வியின் சார்பைக் கொண்டே வழக்கத்தின் சார்பை எதிர்த்தார் என்று சொல்லுதல் பொருந்தும்.

இந்நூலில் எல்லாவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. கவிமணி தம் குரலில் இதனைச் சொல்லவில்லை. காரணவன் ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணொருத்தி, தன் கதையைத் தானே சொல்லும் முறையில் நூல் முழுதும் அமைந்துள்ளது. சீர்திருத்தம் விரும்பும் கற்ற ஆடவர் ஒருவர் கட்டுரை வரைந்து குறை கூறியிருந்தால், அதற்கு மறுப்புக் கட்டுரை எழுதுதல் எளிது. சோறாக்கிப் பாத்திரம் துலக்கி, மாமியின் சொல்லைப் பொறுத்து, முடிவில் பிள்ளைகளோடு திக்கற்று நிற்கும் பெண் தன் வாயால் சொல்லும்போது மறுப்பு எழுதுவது எங்ஙனம்? அவள் சினந்து பேசுவதில்லை. வீட்டு நிகழ்ச்சிகளை வீட்டுப் பேச்சில் சொல்லிச் செல்கின்றாள். படிப்பவர் நகைக்கின்றனர்; நகைத்த வாய் மூடுமுன் நெஞ்சு கனக்கின்றது. ஆண்மக்கள் வகுத்து ஆண்மக்களே ஆண்ட ஒரு முறையை, அதன் அடியிற் கிடந்தவளின் கண்கொண்டு பார்த்தமையால், யாவர்க்கும் மறைந்திருந்தது கவிமணிக்குப் புலனாயிற்று. தமக்கே உரிய கருத்தைச் சொல்லுதற்கு அவர் பிறளொருத்தியின் குரலை நாடினார். தன்னுள்ளேயே நோக்கிக்கொண்டிருப்பவனுக்குத் தன்மை கிடைக்கும் என்று எண்ணுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு பாட்டினால் மட்டும் ஒரு வழக்கம் மாறிற்று என்று கூறுதல் மிகையாகும். அம்முறையில் அல்லலுற்ற மக்களிடையே மாற்றம் வேண்டும் என்னும் கிளர்ச்சி அக்காலத்தில் வலுப்பெற்று வந்தது. கவிமணியின் பாட்டு அக்கிளர்ச்சிக்குத் துணைநின்றது. 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனச் சட்டம் ஒன்று இயற்றிப் பழைய உரிமை முறையைத் திருத்தியமைத்தது. மான்மியம் நூல்வடிவில் வெளிவந்தது 1942-இல். அதற்குள் சட்டம் பிறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதழில் அது முதன்முதல் வந்தபோது பிறந்திருந்த குழந்தைகள் வளர்ந்து இளைஞராகியிருந்தனர்.

கவிமணி 1954-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் புத்தேரியில் மறைந்தார். பாவலர் அவருக்கு நான்காண்டு முன்னரே, 1950-இல் மறைந்துவிட்டார். ஜீவா 1963-இல் மறைந்தார். இந்திய அரசு பாவலர்க்கும் கவிமணிக்கும் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்துள்ளது. தம்பிரானின் பெயரும் அண்ணாவியாரின் பெயரும் அவர்தம் மாணாக்கர் வரலாற்றில் ஓரிரு வரிகளில் வந்து செல்கின்றன. மருமக்கள்வழி மான்மியத்தைக் கையில் எடுக்கும் நாஞ்சில் நாட்டு மாணவர் பலர்க்கு இன்று காரணவன் என்னும் சொல்லின் பொருளையே ஆசிரியர் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கின்றது. அவ்விளக்கம் முடிந்ததும் ஐந்தாம் மனைவி பேசத் தொடங்குகின்றாள். அவள் பேச்சிற்கு விளக்கம் வேண்டுவதில்லை.